மரக்கால் முதல் செய்மதி வரை: மட்டக்களப்பு வாவிப் புலத்தில் மழையளவையின் வரலாறு

சித்திரைப் புத்தாண்டு நாளிலே ஆலயத்தில் பஞ்சாங்கம் வாசிக்கக் கேட்பது ஈழத்துச் சைவ மக்களிடை நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். அவ்வாசிப்பிலே, பிறந்த ஆண்டில் பெய்யும் மழை இத்தனை மரக்கால் என்றும், அதிலே கடலிற் பெய்வது இத்தனை பங்கு, மலையிற் பெய்வது இத்தனை பங்கு, நிலத்திற் பெய்வது இத்தனை பங்கு என்றும் கூறப்படும். புதுக்கல்வி கற்றோர் இதனைக் கேட்டு நகைப்பதுண்டு. கணக்கின் முடிபை ஒருவர் ஏற்கலாம், ஏற்காது விடலாம். ஆயினும் அக்கணக்கை வகுத்தோர் இரண்டு உண்மைகளை நன்குணர்ந்திருந்தனர் என்பதை மறுத்தல் இயலாது. மழை அளக்கப்படத்தக்க பொருள் என்பது ஒன்று. பெய்யும் மழையின் பெரும்பகுதி மாந்தர் நின்று பார்க்க முடியாத இடங்களிலேயே பெய்துவிடுகின்றது என்பது மற்றொன்று. முதலாவதைச் செயற்படுத்த ஒரு பாத்திரம் போதும். இரண்டாவதை எதிர்கொள்வதற்கு மனித குலம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை காத்திருக்க நேர்ந்தது.

பாத்திரத்தின் வரலாறு பழையது. கௌடிலியரின் அருத்தசாத்திரம், களஞ்சியத்திலே ஒரு முழ அகல வாயுடைய குண்டமொன்றை மழையளவைக் கருவியாக வைக்கவேண்டும் என்று விதிக்கின்றது. எந்த நாட்டில் எத்தனை துரோணம் மழை பெய்யும் என்பதும் அந்நூலிலே சொல்லப்பட்டுள்ளது. வரிக்கும் விதைப்புக்கும் மழையே அடிப்படை என்பதை அரசு உணர்ந்திருந்தமையால் எழுந்த ஏற்பாடு அது. கொரிய நாட்டிலே 1441ஆம் ஆண்டளவில், செயோங் மன்னன் காலத்தில், ஒரே அளவினவாகிய மழைமானிகள் செய்யப்பட்டு நாட்டின் பல பாகங்களுக்கும் அனுப்பப்பட்டன. ஒரே அளவுள்ள பல கருவிகள் என்ற எண்ணமே இங்கு முதன்மையானது. ஓரிடத்து மழையை மற்றோரிடத்து மழையோடு ஒப்பிடுதல் அதனாலேயே கைகூடிற்று.

இனி, மட்டக்களப்பு வாவிப் புலத்தின் இயல்பை நோக்குவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி, கடற்கரைக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காய்க் கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழுமிடத்தையும் படுமிடத்தையும் கொண்டு தம் நாட்டை இரண்டாகப் பகுத்த இம்மக்களின் சொல்வளம் வியந்து பாராட்டத்தக்கது. எழுவான்கரையில் ஊர்களும் சந்தைகளும் கல்விக்கூடங்களும் நெருங்கியிருக்க, நெற்களஞ்சியமாக விளங்குவது படுவான்கரையே. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு முதலிய ஊர்களைச் சூழ்ந்த வயல்வெளிகள் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் நீரையும் வான்மழையையும் நம்பியிருப்பன.

இங்கே மழை ஆண்டு முழுவதும் பரந்து பெய்வதன்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் நீரைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாய் இப்புலத்தின்மீது வீசும். பயிர் வாடும், குளம் வற்றும், முகத்துவாரம் மணலால் அடைபடும். அக்காலத்திலேதான் கண்ணகி கோயில்கள் திறக்கப்பட்டுக் குளிர்த்தி நிகழும். மழைவேண்டிக் கண்ணகியம்மன் மழைக்காவியம் பாடுவதும், கொம்புமுறி விளையாட்டு நிகழ்த்துவதும் இம்மண்ணின் மரபு. பின்னர் ஐப்பசியிலே இடைப்பருவ இடிமழை தொடங்கி, கார்த்திகை மார்கழியிலே வடகீழ்ப் பருவமழையாய்த் திரண்டு, தை மாதத்தில் ஓயும். ஆண்டுமழை சராசரி 1,650 மில்லிமீற்றரை அடுத்துள்ளதெனினும், அதன் பெரும்பங்கு இந்த மூன்று நான்கு மாதங்களுக்குள்ளேயே பெய்துவிடும். ஆகவே இந்நாட்டிலே மழையின் அளவை அறிதல் என்பது வறட்சியை அறிதலுமாகும், வெள்ளத்தை அறிதலுமாகும்.

ஆங்கிலர் ஆட்சியிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நில அளவையாளர் நாயகத்தின் பொறுப்பில் இலங்கையில் முறையான வானிலைப் பதிவுகள் தொடங்கின. அக்காலந்தொட்டே மழை பதியப்பெற்ற பழைய நிலையங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. 1907இலே கொழும்பு வானிலை அவதான நிலையம் அமைந்தது. சுதந்திரத்தை அடுத்து 1948இல் வளிமண்டலவியற் பணி தனித் திணைக்களமாயிற்று. காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, அளவுகுழாயில் நீரை ஊற்றிக் கண் மட்டத்திற் பிடித்து வாசித்து, ஏட்டிற் குறித்து வைத்த பெயரறியாக் கடமையாளர் பலரின் உழைப்பே நூறாண்டுக்கு மேற்பட்ட அப்பதிவு. அதன் அருமையை நாம் போதிய அளவு உணர்ந்திருக்கிறோம் என்று சொல்வதற்கில்லை.

எனினும் மழைமானிக்கு ஓர் எல்லையுண்டு. எட்டு அங்குல விட்டமுடைய வாயின் பரப்பு ஏறத்தாழ 324 சதுர சென்ரிமீற்றர். ஒரு சிறு தாம்பாளத்தின் அளவு. மட்டக்களப்பு மாவட்டத்தின் பரப்போ 2,800 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. நகரிலே தூறலாயிருக்க, பத்துக் கட்டைக்கு அப்பால் வயல் வரம்புகள் உடைத்தோடப் பெய்வது இந்நாட்டார் அனைவரும் கண்டறிந்த காட்சி. அன்றியும், வாவியை நிறைக்கும் நீரின் பெரும்பகுதி மேற்கே, மகாஓயாப் பக்கத்து மேட்டுநிலங்களிலும் காடுகளிலும் பெய்வது. மழையைச் சுமந்துவரும் முகிற்கூட்டங்களோ கிழக்கே வங்கக் கடலிலே உருவாகின்றன. ஒருபுறம் காடு, மறுபுறம் கடல். இரண்டிலும் மழைமானி வைத்து வாசிப்பார் இல்லை. பஞ்சாங்கம் கூறிய கடற்பங்கும் மலைப்பங்கும் அளவிறந்தனவாகவே நின்றன.

1957 டிசம்பரிலே கிழக்கிலங்கையை அலைத்த பெருவெள்ளத்தை முதியோர் நெடுங்காலம் நினைவிற் கொண்டிருந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆம் நாள் சோவியத்து நாடு ஏவிய முதற் செய்மதியாகிய இசுப்புட்னிக், 1958 சனவரி 4 வரை விண்ணிலே வலம்வந்தது. வெள்ளம் வந்த நாள்களிலும் அது நமது தலைக்கு மேலாற் பலமுறை சென்றிருத்தல் வேண்டும். ஆனால் அதற்குக் கண் இல்லை. அதன் வானொலிக் குரலும் அதற்கு முன்பே அடங்கிவிட்டது. வானிலையைப் பார்ப்பதற்கெனவே அமைந்த முதல் வெற்றிகரமான செய்மதி, தைரோசு 1, அமெரிக்காவினால் 1960 ஏப்பிரில் 1ஆம் நாள் ஏவப்பட்டது. முகிற்கூட்டங்களின் படத்தை அது அனுப்பிற்று. உலகம் வியந்தது.

படம் கிடைத்தமை மழை கிடைத்தமையாகாது. முகிலெல்லாம் பெய்வதில்லை என்பதை விளக்க விஞ்ஞானம் வேண்டியதில்லை. எனவே ஆய்வாளர் ஒரு குறுக்கு வழியை நாடினர். முகிலின் உச்சி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு குளிர்ந்தது. உயர்ந்து தடித்த முகிலே பெருமழை தருவது. ஆகவே அகச்சிவப்புக் கதிர்களால் முகிலுச்சியின் வெப்பநிலையை அறிந்தால் மழையை ஒருவாறு கணிக்கலாம் என்பது அவ்வழி. 1974இலே அத்திலாந்திக் சமுத்திரத்தின் கிழக்குப் பகுதியில் நடைபெற்ற பெரும் ஆய்வு முயற்சியின் தரவுகளைக் கொண்டு ஆக்கின் என்பவர் இத்தொடர்பை ஆராய்ந்தார். 1987இல் அவரும் மைசினரும் வெளியிட்ட முறையின்படி, 235 கெல்வினிலும் குளிர்ந்த உச்சியையுடைய முகிலின் கீழ் மணிக்கு 3 மில்லிமீற்றர் மழை பெய்வதாகக் கொள்ளப்படும். பல நூறு கிலோமீற்றர்ப் பரப்புக்கும் ஒரு திங்களுக்கும் சராசரி காண்பதற்கு இது பயன்பட்டது. இன்று உன்னிச்சைக்கு மேலே என்ன பெய்தது என்று கேட்பவனுக்கு இது விடையன்று. வடகீழ்ப் பருவத்திலே கடலிலிருந்து வரும் தாழ்ந்த முகில்கள், உச்சி அவ்வளவு குளிராமலே விடாது பெய்வனவாதலால், இம்முறை அவற்றைக் காணாது விட்டுவிடும். மழையற்ற உயர்மென்முகிலையோ மழையாகக் கணக்கிட்டுவிடும்.

முகிலின் கூரையைப் பாராது அதன் உள்ளே பார்த்தல் வேண்டும். அதற்கு உதவியவை நுண்ணலைகள். 1972 டிசம்பரிலே ஏவப்பட்ட நிம்பசு 5 என்னும் செய்மதியில், 19.35 கிகாஹேட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் ஒரு கதிர்ப்புமானி இருந்தது. கடல்நீர், தன் வெப்பநிலைக்கேற்ப வெளியிடத்தக்க நுண்ணலைக் கதிர்ப்பில் ஏறத்தாழப் பாதியையே வெளியிடும். ஆகையால் நுண்ணலைக் கண்ணுக்குக் கடல் குளிர்ந்ததாய்த் தோன்றும். அதன்மேல் மழைத்துளிகள் இருப்பின் அவை தம் கதிர்ப்பையும் சேர்த்து அனுப்புவதால் அவ்விடம் வெப்பமுற்றதாய்த் தெரியும். கரிய துணியில் வெண்சுண்ணத்துளி தெரிவதுபோலக் கடலின்மீது மழை தெரிந்தது. மாந்தர் வரலாற்றில் முதன்முறையாகக் கடலிற் பெய்யும் மழைக்கு ஓர் அளவு கிட்டிற்று.

ஆனால் கருவி அறிவிப்பது வெப்பநிலையையே, மழையையன்று. இந்த வெப்பநிலைக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று மொழிபெயர்ப்பவர் யார்? இங்கேதான் முகில் மாதிரி வருகின்றது. 1977இலே வில்கைற்றும் அவரோடு உழைத்தோரும் எளியதொரு முகிலைக் கணக்கில் அமைத்தனர். உறைநிலை மட்டம் இன்ன உயரத்தில் உளது; அதற்குக் கீழே நிலம்வரை மழைத்துளிகள் சீராக உள்ளன; துளிகளின் பருமன் 1948இல் மார்சலும் பாமரும் கண்ட விதிப்படி அமைகின்றது. இவ்வாறு கொண்டால், மணிக்கு இவ்வளவு மழைக்கு இவ்வளவு கதிர்ப்பு என்று கணித்துவிடலாம். அந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினால் கதிர்ப்பிலிருந்து மழை வரும். மணிக்கு 20 மில்லிமீற்றர் அளவிலே கதிர்ப்பு நிறைவெய்திவிடுவதால் பெருமழையை வேறுபடுத்தி அறிய இயலவில்லை என்பது குறை. அம்மாதிரி முகில், பள்ளிப் பிள்ளைகள் வரையும் முகில் போன்று எளிமையானது என்பதும் உண்மை. ஆயினும் அந்த முதற் படியின்றி மேலே சென்றிருக்க முடியாது.

இக்காலத்திலேதான் மட்டக்களப்பைப் பேரிடர் தாக்கியது. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகள் இலட்சக்கணக்கில் சிதைந்தன. தென்னந்தோப்புகள் வேரோடு வீழ்ந்தன. நிம்பசு 7 என்னும் செய்மதி அதற்கு ஒரு திங்கள் முன்னரே, ஒக்டோபர் 24இல், ஏவப்பட்டிருந்தது. அதிலிருந்த நுண்ணலைக் கதிர்ப்புமானி மின்வலுச் சிக்கனம் கருதி ஒருநாள் விட்டு ஒருநாளே இயங்குவது. அதன் தரவுகள் ஆய்வுகூடங்களிலே பின்னர் ஆராயப்படுவதற்கே உரியன. படகேறிப் படுவான்கரைக்குச் செல்வதா, தங்குவதா என்று அன்று மாலை தயங்கி நின்ற ஒருவனுக்கு அவற்றால் யாதொரு பயனும் விளையவில்லை.

முகில் மாதிரியின் வரலாற்றிலே மறக்கலாகாத பெயர் ஜோன் சிம்சன் என்னும் அம்மையாருடையது. 1949இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், வளிமண்டலவியலில் அப்பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணியாவார். பெண்ணுக்கு இத்துறை ஏற்றதன்று என்று கூறியோர் பலரிருந்தனர். வெப்பவலயத்திலே வெப்பத்தை வானின் உச்சிக்கு ஏற்றுவன சில உயர்ந்த முகிற்றூண்களே என்பதை இவரும் கேபேட் ரீலும் 1958இல் எடுத்துரைத்தனர். பிற்காலத்தில் நாசாவின் கொடாட் நிலையத்திலே வெய்-குவோ டாவோ முதலியோரோடு சேர்ந்து, முகிற்கூட்டத்தை ஒரு கிலோமீற்றர் அளவான சிறு கட்டங்களாகப் பகுத்துக் கணிக்கும் மாதிரியை இவர் வளர்த்தார். முகில்நீர், மழைநீர், பனிப்படிகம், ஆலங்கட்டி ஆகியன ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு என்பதை அது கணிக்கும். அவற்றிலிருந்து செய்மதி காணவேண்டிய கதிர்ப்பு எவ்வளவு என்பதையும் கணிக்கலாம்.

இவ்வாறு கணித்த ஆயிரக்கணக்கான முகில்களைத் தொகுத்து ஒரு களஞ்சியமாக்கி, செய்மதி காட்டும் கதிர்ப்போடு ஒத்த முகில்களை அதிலிருந்து தேர்ந்து, ஒப்புமையின் தகுதிக்கேற்ப நிறையிட்டுச் சராசரி காணும் முறையைக் கமரோவும் அவர் குழுவினரும் 1990களில் வகுத்தனர். இதனை விளங்க வயலுக்கே செல்லலாம். அனுபவமிக்க போடியார் ஒருவர் வரம்பிலே நின்று கதிரைப் பார்த்து இந்த வயல் இத்தனை அவணம் தரும் என்று மதிப்பார். அவர் நெல்லை அளக்கவில்லை. தாம் முன்பு கண்ட நூறு வயல்களின் தோற்றத்தையும் அவை தந்த விளைவையும் நினைவிற் கொண்டு, இதனோடு ஒத்தவற்றை ஒப்பிட்டுச் சொல்கின்றார். செய்மதிக்கு அந்நினைவாக அமைந்தது முகில்மாதிரிக் களஞ்சியம். போடியார் தாம் கண்டிராத இனத்து நெல்லைக் கண்டால் மதிப்புத் தவறும். அவ்வாறே, அத்திலாந்திக்கிலும் மேற்குப் பசிபிக்கிலும் கண்ட முகில்களைக் கொண்டு முதலில் அமைந்த களஞ்சியம், வங்கக் கடலின் மார்கழி முகிலை எதிர்ப்படும்போது தடுமாறுதல் இயல்பே.

1997 நவம்பரில் யப்பானின் தனேகசிமாத் தீவிலிருந்து ஏவப்பட்ட வெப்பவலய மழையளவைச் செய்மதி, இவ்வரலாற்றின் நடுத்தூண். சிம்சன் அம்மையார் அதன் விஞ்ஞானத் தலைமையை நெடுங்காலம் தாங்கியவர். ஏவப்பட்டபோது அவருக்கு வயது 74. 350 கிலோமீற்றர் உயரத்தில், நடுக்கோட்டுக்கு 35 பாகை சாய்ந்த பாதையிலே அது சுற்றிற்று. விண்ணிலிருந்து மழையைத் துருவும் முதல் இராடார் அதில் இருந்தது. முகிலை அடுக்கடுக்காய் அறுத்துக் காட்டிய அக்கருவியினால், மாதிரிகள் சொன்ன உள்ளமைப்பு மெய்யா பொய்யா என்று சோதிக்க முடிந்தது. 2001இல் எரிபொருட் சிக்கனத்துக்காக 402 கிலோமீற்றருக்கு உயர்த்தப்பட்டு, மூன்றாண்டுக்கென அமைந்த அது 2015 வரை பணிபுரிந்தது. அதன் வழித்தோன்றலாகிய உலகளாவிய மழையளவைச் செய்மதி 2014 பெப்ரவரியில் ஏவப்பட்டது. இரண்டு அதிர்வெண்களில் இயங்கும் இராடார் அதிலுள்ளது. இராடார் நேரிற் கண்ட முகில்களே இப்போது களஞ்சியத்தின் பெரும்பகுதியாயின. எனினும் இராடாருக்குப் புலனாகாத பனிப்படிகங்களின் இயல்பைக் கூறுவதற்கு மாதிரிகளின் துணை தொடர்கின்றது.

நமக்கு அண்மையிலும் ஒரு முயற்சி நிகழ்ந்தது. இந்தியாவும் பிரான்சும் கூடி அமைத்த மேகா-திரொபிக்ஸ், 2011 ஒக்டோபர் 12இல் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. பாதையின் சாய்வு 20 பாகையே ஆதலால், ஏறத்தாழ 7.7 பாகை அகலக்கோட்டில் உள்ள மட்டக்களப்புப் போன்ற இடங்களை ஒரேநாளிற் பலமுறை காண வல்லதாயிருந்தது. மழைக்கென அமைந்த அதன் நுண்ணலைக் கருவி, மதராஸ் என்று பெயர்பெற்றது, 2013 சனவரியிலேயே செயலிழந்தமை இப்புலத்தாருக்கு நேர்ந்த இழப்பென்றே சொல்லவேண்டும். ஈரப்பதனை அளக்கும் மற்றொரு கருவி தொடர்ந்து பயன்தந்தது. 2023 மார்ச்சு 7இல் அச்செய்மதி பசிபிக் சமுத்திரத்தின்மீது திட்டமிட்டு வீழ்த்தப்பட்டது.

இத்தனை கருவிகள் வந்தபின்னும் வாவிப் புலம் எளிதிற் படிக்கத்தக்க ஏடாகிவிடவில்லை. கடலின்மீது மழையைக் காட்டிய அதே நுண்ணலை, தரையின்மீது குருடாகின்றது. தரை தானே மிகுந்த கதிர்ப்பை வெளியிடுவதால் துளியின் கதிர்ப்பு அதனுள் மறைந்துவிடுகின்றது. வெண்துணியிலே சுண்ணத்துளி தெரியுமா? ஆதலால் தரைக்கு உயர் அதிர்வெண்களைக் கொண்டு, முகிலின் மேற்பாகத்துப் பனிப்படிகங்கள் கதிர்ப்பைச் சிதறச் செய்யும் அளவை நோக்கி மழையை ஊகிக்க வேண்டியுள்ளது. பனி குறைந்த தாழ்முகில் மழை அங்கே குறைத்தே மதிக்கப்படும். கடலும் தரையும் கலந்த கரையோரத்தில் இரு முறையும் தடுமாறும். தாழ்ந்த அதிர்வெண்களிலே கருவியின் ஒரு பார்வை பல பத்துக் கிலோமீற்றரைத் தழுவுவது. அவ்வொரு பார்வைக்குள்ளேயே கடல், எழுவான்கரை மணல், வாவி, படுவான்கரை வயல் ஆகிய நான்கும் அடங்கிவிடும். மாரியிலே அவ்வயல்களும் நீர் நிறைந்து கிடப்பதால், தரையாகக் கொண்டது பாதி நீராய் மாறிவிடும். மட்டக்களப்பைப்போல் இக்கலைக்கு இடர்தரும் இடங்கள் உலகிற் சிலவே இருக்கக்கூடும்.

2011 சனவரியிலும் பெப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த பெருமழை இதன் முக்கியத்துவத்தை உணர்த்திற்று. கிழக்கிலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிப்புற்றனர்; முற்றி நின்ற மாரி வேளாண்மை நீருள் அழிந்தது; படுவான்கரை ஊர்கள் பல தனித்துப்போயின. முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது, குளத்துக் கதவுகளை எவ்வளவு திறப்பது என்ற முடிவுகள், மேற்கே எவ்வளவு பெய்தது என்ற அறிவையே பற்றி நிற்பன. முந்தித் திறந்தால் கோடைக்கு நீரில்லை. பிந்தித் திறந்தால் கீழே வயலுமில்லை, வீடுமில்லை. நெடிய போர்க்காலத்திலே உள்நாட்டு மழைமானிப் பதிவுகள் பலவும் இடைமுறிந்திருந்தமையால், பழைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு எச்சரிப்பதும் கடினமாயிற்று.

இன்று பல செய்மதிகளின் காட்சிகளை இணைத்து, அரைமணிக்கு ஒருமுறை, பத்திலொரு பாகைக் கட்டங்களாக உலக மழை வரையப்படுகின்றது. ஒரு கட்டம் நம் நாட்டில் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் அகலமானது. கல்லடியும் வவுணதீவும் ஒரே கட்டத்துள் அடங்கத்தக்க இடைவெளியிலேயே உள்ளன. அம்மதிப்பீடு மூன்று நிலைகளில் வெளிவருகின்றது. முதலாவது, பார்வைக்குப் பின் நான்கு மணித்தியாலம் அளவில் வருவது. வெள்ள எச்சரிக்கைக்கு உதவுவது அதுவே. இரண்டாவது ஏறத்தாழ அரைநாளின் பின் வருவது. மூன்றாவதே திருத்தமுடையது, உலகெங்குமுள்ள மழைமானிகளின் மாதாந்த அளவுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்யப்படுவது. மட்டக்களப்பு நகரிலே காலை எட்டரை மணிக்கு அளவுகுழாயில் ஊற்றப்படும் நீர், நாசாவின் செய்மதியைத் திருத்துவது இந்நிலையிலேதான். அதற்கு மூன்றரை மாதம் செல்லும். கார்த்திகையிற் பெய்த மழையின் திருத்தமான கணக்கு வந்துசேரும்போது மாசி கழிந்து, படுவான்கரையிலே சூடடிப்பு நடந்துகொண்டிருக்கும்.